குடியை விடும் வரையிலும் உயிர் காக்க வேண்டும்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், எங்கள் அம்மாவுக்கு இரண்டு மணி நேரமாகக் கட்டில் கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் குடித்துவிட்டுக் கிடந்தவருக்கு மட்டும் உடனே கட்டில் கொடுத்துவிட்டீர்கள். அவர் நாளை மறுநாள் மீண்டும் குடிக்கத்தானே போகிறார்?"

இக்கேள்வியைக் கேட்பவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். ஒரு நாள் கூலியை இழந்து, தொலைவிலிருந்து பேருந்து ஏறி, கவலையோடு காத்திருப்பவர்கள். அவர்களது கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு வாயிலில் நின்றபடி இரண்டு சொற்களில் விடை கூறிவிட இயலாது. எனவே இவ்விதழில் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். வீட்டையும் உறவையும் இழந்து, குடியையும் விட முடியாமல் சாலையோரத்தில் வாழும் ஒருவருக்கு மருத்துவம் என்ன செய்ய இயலும், அதை ஏன் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவர்கள் யாவர்?

செங்கல்பட்டு ரயில் சந்திப்பின் நடைமேடையிலும், பேருந்து நிலையத் திண்ணைகளிலும், மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களின் கடற்கரைகளிலும் இரவில் படுத்துறங்கும் மனிதர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் அனைவரும் குடிப்பவர்கள் அல்லர். குடிப்பவர்களிலும் பலர் ஒரு காலத்தில் உழைத்து வாழ்ந்தவர்களே. கட்டட வேலை செய்தவர்கள், மீன் கூடை சுமந்தவர்கள், கற்சிற்பக் கூடங்களில் உளி பிடித்தவர்கள், உணவகங்களில் பாத்திரம் துலக்கியவர்கள், வேலை தேடி வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என அவர்களுள் பலரும் உண்டு.

அவர்கள் மகிழ்ச்சிக்காகக் குடிக்கிறார்கள் என்று நினைப்பது பிழையாகும். கடுமையான மதுச்சார்பு நோய் உள்ளவருக்கு விடியற்காலையில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், குமட்டும், தேநீர்க் குவளையைப் பிடிக்க இயலாது. அந்த நடுக்கத்தை அடக்குவதற்காகவே அவருக்கு நாளின் முதல் மது தேவைப்படுகிறது. அரசு மதுக்கடை திறப்பதோ நண்பகல் 12 மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் அவர் கூடுதல் விலை கொடுத்துத் திருட்டுத்தனமாக வாங்குகிறார். பிறர் குடித்து மீதி வைத்த புட்டிகளைத் தேடுகிறார். சில வேளைகளில் எதுவென்றே அறியாத திரவத்தைக் குடித்துவிடுகிறார். கையிலிருந்த காசு இதற்கே தீர்ந்துவிடுவதால் உணவுக்கு மிஞ்சுவதில்லை. காலில் பட்ட சிறு காயம் கவனிப்பாரின்றிப் புழு வைத்த புண்ணாகிறது. இந்த நிலையில்தான் அவர் எங்களிடம் வந்து சேர்கிறார்.

எங்கள் அறிவுரையால் நேர்ந்தது

பல ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் மேற்படிப்பு மாணவர்களாக வேறொரு மருத்துவமனையில் பணிபுரிந்த காலத்தில் நிகழ்ந்ததை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கற்சிற்பத் தொழிலாளியாக இருந்து, பின்னர் நடைமேடையில் வாழத் தொடங்கிய ஒரு பெரியவர் அங்கு அடிக்கடி வருவார். ஒருமுறை நெற்றிக் காயம். மறுமுறை இரத்த வாந்தி. இன்னொரு முறை காய்ச்சல். ஒவ்வொரு முறையும் காயத்தைத் தைத்து, ஊசி போட்டு, ஒரே அறிவுரையோடு அனுப்பிவைத்தோம்: "பெரியவரே, முதலில் குடியை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு வாருங்கள், மற்றதைப் பார்க்கலாம்."

அவர் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் இரவில் வலிப்பு வந்த நிலையில், அவரோடு நடைமேடையில் தங்கியிருந்தவர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தனர். "டாக்டர் சொன்னார் என்று மூன்று நாளாகத் தொடவே இல்லை, சார்" என்றார் அவர்களுள் ஒருவர். பெரியவர் பிழைத்தார். ஆனால் அவரது நினைவு திரும்பவில்லை. காலையில் உண்டதை நண்பகலில் மறந்தார். தமது ஊரின் பெயரைச் சொன்னார். அங்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர்களைக் கூறினார். அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை.

அவர் எங்கள் சொல்லை மீறியதால் கெட்டவர் அல்லர். எங்கள் சொல்லைக் கேட்டதால் கெட்டவர். மருத்துவ மேற்பார்வையின்றித் தனியாக நிறுத்துவதன் ஆபத்தை அவருக்கு எடுத்துச் சொல்லாதது எங்கள் குற்றம். நிறுத்தினால்தான் சிகிச்சை என்று நிபந்தனை விதித்தது அதனினும் பெரிய குற்றம். எங்கள் பணிமுறையை மாற்றிக்கொள்ளக் காரணமாக அமைந்தவர் அவரே.

திடீரென நிறுத்தினால் உடலில் நிகழ்வது

மது மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க எப்போதும் மிகுந்த விசையோடு இயங்கப் பழகிவிடுகிறது. மது திடீரென நின்றதும் தணிக்கும் பொருள் அகன்றுவிட, விசை மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள்ளாகவே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் கடும் குழப்பமும், இல்லாதவற்றைக் காண்பதும், காய்ச்சலும், இதயப் படபடப்பும் சேர்ந்த நிலை ஏற்படலாம். இதற்குச் சிகிச்சை அளிக்காவிட்டால் உயிர் போகக்கூடும். டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகளை மருத்துவர் அளவறிந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துவந்தால் பெரும்பாலோர் இக்கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம். கல்லீரல் பெரிதும் பழுதடைந்தவருக்கு லோராஸெபாம் ஏற்றது. இவற்றைக் கடையில் வாங்கித் தாமே உட்கொள்வது ஆபத்தானது.

பெரியவரின் நினைவைப் பறித்தது இன்னொரு குறை. தயாமின் எனப்படும் வைட்டமின் பி1 நமது உடலில் சில வாரங்களுக்குப் போதுமான அளவே சேமிப்பில் இருக்கும். உணவின்றிக் குடிப்பவருக்கு இச்சேமிப்பு தீர்ந்துவிடுகிறது; குடல் அதை உறிஞ்சும் திறனும் குறைகிறது. அதன் விளைவாகக் குழப்பம், தள்ளாட்ட நடை, கண் அசைவில் கோளாறு ஆகியவை தோன்றுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதனை 1881-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். உடனடியாகப் பி1 ஊசி செலுத்தாவிட்டால் நினைவிழப்பு நிலைத்துவிடலாம்.

இவ்வைட்டமினின் அருமையை அறிய நமது முன்னோர் உண்ட சோறே சான்று. பிரிட்டிஷ் ஆட்சிக்கால மலாயாவில், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்னும் பி1 குறைபாட்டு நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை என்பதை அங்கிருந்த மருத்துவர்கள் கண்டறிந்தனர். நெல்லை அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய பி1 சத்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுவதே காரணம். சோற்றை விட்டுக் குடியில் மட்டுமே வாழ்பவருக்கு இப்பாதுகாப்பும் இல்லை.

இங்கே உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "தெம்பில்லாமல் இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று மருத்துவமனைகளில் கேட்பது வழக்கம். நெடுநாள் குடித்தவருக்குப் பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் பி1 சத்தும் செலவாகி மூளை பாதிப்பு முற்றக்கூடும். ஆகவே நோயாளியின் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நீங்கள் கூறும் அந்த ஒரு செய்தி அவரது நினைவைக் காப்பாற்றக்கூடும்.

தீங்கு குறைப்பு என்பது என்ன?

சர்க்கரை நோயாளி இனிப்பை அறவே விடும் வரை இன்சுலின் தரமாட்டோம் என்று எந்த மருத்துவரும் கூறுவதில்லை. புகைப்பவருக்கு நெஞ்சுவலி வந்தால் சிகிச்சைக்கு முன் பீடியை விடச் சொல்லிக் காக்க வைப்பதில்லை. மதுச்சார்பு நோயில் மட்டும் நோயின் முதன்மை அறிகுறியான குடியையே முதலில் நீக்கிவிட்டு வருமாறு நோயாளியிடம் கூறுகிறோம். தீங்கு குறைப்பு முறை இந்நிபந்தனையை நீக்குகிறது. குடியை நிறுத்துவதே மிகச் சிறந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் இன்று நிறுத்த இயலாதவரும் இன்று உயிரோடிருக்க வேண்டும். அவரது புண் ஆற வேண்டும். அவர் சோறு உண்ண வேண்டும். நஞ்சு குடிக்காதிருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால்தான் நிறுத்தும் நாள் அவருக்கு வரும்.

கனடா நாட்டின் டொரண்டோ நகரில் 1990-களின் நடுவில் வீடற்ற மூவர் குளிரில் உறைந்து இறந்தனர். குடித்தவர்களுக்கு இரவுத் தங்குமிடங்களில் இடமில்லை என்னும் விதியும் அவர்களது மரணத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. விசாரணைக்குப் பின், குடித்தவரையும் ஏற்கும் தங்குமிடம் அங்குத் தொடங்கப்பட்டது. ஒட்டாவா நகரில் இம்முறை மருத்துவ மேற்பார்வையோடு நடைபெற்றது. காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, கேட்பவருக்கு மணிக்கு ஒருமுறை அதிகபட்சம் 140 மி.லி. திராட்சை மது அளந்து வழங்கினர். அதோடு படுக்கை, உணவு, செவிலியர், மருத்துவர் ஆகிய அனைத்தும் கிடைத்தன. அங்கிருந்த 17 பேரின் நிலையை ஆராய்ந்த கட்டுரை 2006-இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அவசரப் பிரிவுக்கு அவர்கள் வந்த முறைகள் 36 விழுக்காடு குறைந்திருந்தன. காவல்துறையோடு ஏற்பட்ட மோதல்கள் பாதியாகியிருந்தன. குடித்த அளவும் பெரிதும் குறைந்திருந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2005-ஆம் ஆண்டின் இறுதியில், கடும் மதுச்சார்பு உடைய வீடற்றோருக்கு 75 குடியிருப்புகள் கொண்ட கட்டடம் திறக்கப்பட்டது. குடிக்கக் கூடாது என்னும் விதி அங்கு இல்லை. 2009-இல் வெளியான ஆய்வின்படி, அங்குக் குடியேறியவர்களுக்காக மருத்துவமனை, சிறை முதலியவற்றில் ஆன செலவு, இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு ஆனதை விடப் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எவரும் கட்டாயப்படுத்தாமலேயே அவர்களது குடியும் படிப்படியாகக் குறைந்தது. வாயிலில் நின்று கட்டில் கேட்கும் அன்னையின் மகனுக்கு இதிலொரு விடை இருக்கிறது. சாலையோரத்தில் இருப்பவருக்குச் சிறுபுண்ணிலேயே மருந்திட்டால், அவர் அவசரப் பிரிவின் கட்டிலுக்கு வரும் நிலை குறையும். அந்தக் கட்டில் மற்றவருக்குக் கிடைக்கும்.

நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை

2023-ஆம் ஆண்டு மே மாதத்தை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். நமது மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர்ப் பகுதியிலும், கடற்கரையோரமாகத் தெற்கே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களுள் பலர் அன்றாடக் கூலிகள். நடுக்கத்தைத் தீர்க்க மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள்.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் எரிசாராயம். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் உயிரையும் அழிக்கிறது. குடித்த உடனே வேறுபாடு தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றலாம். "கண்ணெதிரே பனி மூடியதுபோல் இருக்கிறது" என்று குடித்தவர் ஒருவர் கூறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அவரோடு குடித்த அனைவரையும், அவர்கள் நலமாகத் தோன்றினாலும், மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மெத்தனால் நஞ்சாக மாறுவதைத் தடுக்கும் மாற்று மருந்துகளும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் முறையும் உள்ளன. காலத்தில் வந்தால் பலரைக் காப்பாற்றலாம். மேலும் மது ஊற்றி வீட்டிலேயே முறிக்கலாம் என்று யாரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

இம்மண்ணுக்கு இது புதிதன்று

நோயாளியை விலக்காமல் அவர் இருக்குமிடத்துக்கே மருத்துவம் செல்ல வேண்டும் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணம் அன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில், ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளிகளுக்காக அமைந்த மருத்துவமனையில் 1940-களில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். பிற்காலத்தில் தொழுநோயாளிகள் தனி விடுதிகளை விட்டு வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழிவகுத்த மருந்து அதுவே. 1950-களின் இறுதியில் சென்னையில் நடந்த காசநோய் ஆய்வு, விடுதியில் படுக்கை ஓய்வோடு சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாக, எளிய வீடுகளில் இருந்தபடி மருந்துண்டவர்களும் குணமடைந்ததை உலகுக்குக் காட்டியது.

மதுச்சார்பு நோய்க்கும் இங்கு முன்னோடிகள் உள்ளனர். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, கிராமங்களுக்கே சென்று சிகிச்சை முகாம்கள் நடத்தியது. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-இல் தொடங்கப்பட்ட பேன்யன் அமைப்பு, நமது கோவளம் பகுதியிலும் பணியாற்றி வருகிறது. ஆயினும் தேவைக்கும் வசதிக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச்சார்பு உள்ளோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார்.

நாங்கள் செய்வது

நாங்கள் எவருக்கும் மது வழங்குவதில்லை. வெளிநாட்டுத் திட்டங்களிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே: குடித்துவிட்டு வந்தார் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. புண்ணைக் கழுவிக் கட்டுகிறோம். பி1 ஊசி போடுகிறோம். இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்கிறோம். சர்க்கரை, கல்லீரல் நிலைகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே செவிலியர் அவரது பெயரைச் சொல்லி அழைக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்காகவே மீண்டும் வருபவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இன்னும் நிறுத்தத் தயாராகாதவருக்கு நாங்கள் கூறுவது இவ்வளவே. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். முதலில் இரண்டு இட்லியாவது உண்ணுங்கள். இடையிடையே தண்ணீர் அருந்துங்கள். கடற்கரை வெயிலில் இது இன்னும் முக்கியம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயத்தையும், வார்னிஷ், சானிடைசர் போன்றவற்றையும் தொடாதீர்கள். தூக்க மாத்திரையோடு சேர்க்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் உறங்காதீர்கள். திடீரென நிறுத்தாதீர்கள், நிறுத்த நினைக்கும் நாளில் எங்களிடம் வாருங்கள், கட்டில் தருகிறோம்.

அவ்வாறு வந்தவர்களுக்கு விலகல் காலத்தைக் கடக்கச் சிகிச்சை அளித்து, பின்னர் குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகளை அவரவர் கல்லீரல், சிறுநீரக நிலைக்கேற்பத் தருகிறோம். கடினமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. மருந்து முடிந்து வெளியேறுபவர் எங்கே உறங்குவார்? மீண்டும் அதே நடைமேடையில்தான் என்றால், அதே குடியும் திரும்பும். இலட்சம் மக்கள் தொகைக்கு ஓர் இரவுத் தங்குமிடம் நகர்ப்புறங்களில் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. தங்குமிடங்கள் இருக்குமிடத்திலும் குடித்தவரை ஏற்கத் தயங்குவதைக் காண்கிறோம். இத்தயக்கம் நீங்காதவரை எங்கள் சிகிச்சை பாதியிலேயே நிற்கும்.

எல்லோரையும் எங்களால் காப்பாற்ற முடிந்ததில்லை. சென்ற மழைக்காலத்தில், ஏறத்தாழ ஓராண்டாக எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவர் இரத்த வாந்தியால் இறந்தார். இன்னொருவர் இன்றும் குடிக்கிறார். முன்பு குடித்ததில் பாதி அளவு என்கிறார். அவரது கால் புண் ஆறிவிட்டது. வாரந்தோறும் வந்து ஊசி போட்டுக்கொள்கிறார். அண்மையில் செவிலியரின் கைப்பேசியை வாங்கித் தம் மகளிடம் பேசினார். இதை வெற்றி என்று பறைசாற்ற மாட்டோம். ஆனால் அவர் உயிரோடிருப்பதால்தான் அம்மகளால் தந்தையின் குரலைக் கேட்க முடிந்தது.

குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

குடிப்பவருக்குச் சிகிச்சையும் உணவும் தருவது அவரது குடிக்கு இடம் கொடுப்பதாகாதா?
ஆகாது. பசியும் புண்ணும் எவரையும் குடியிலிருந்து மீட்டதாக நாங்கள் கண்டதில்லை. காசாகக் கொடுக்க மனம் ஒப்பாவிட்டால் உணவாகக் கொடுங்கள்.

அவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுக்கலாமா?
கூடாது. இவ்வாறு விற்கப்படும் சில மருந்துகளில் டைசல்ஃபிரம் இருக்கக்கூடும். அதை உண்டவர் அறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் குறைந்து, நெஞ்சு படபடத்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து ஒப்புக்கொண்ட பின்பே அம்மருந்தை மருத்துவர் தருவார்.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அல்லது மாலை அணிந்து நிறுத்தப் போவதாகக் கூறுகிறார். அனுமதிக்கலாமா?
அவரது உறுதியைப் போற்றுங்கள். ஆனால் நாள்தோறும் காலையிலேயே குடிப்பவராக இருந்தால், கயிறு கட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மருந்தின் துணையோடு நடுக்கத்தைக் கடந்துவிட்டால், நேர்த்தியும் நிலைக்கும், உடலும் தாங்கும்.

கட்டாயமாக மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடலாமா?
மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, அங்கு மருத்துவர் இருக்கிறாரா என்பதை முதலில் அறியுங்கள். அடித்தும் கட்டிவைத்தும் குடியை நிறுத்துவதாகக் கூறும் இடத்தில் உங்கள் உறவினரை விடாதீர்கள்.

சாலையோரத்தில் ஒருவர் மயங்கிக் கிடந்தால்

"குடித்திருக்கிறார், உறங்கட்டும்" என்று கடந்து செல்லாதீர்கள். மது வாடை வீசுபவருக்குத் தலையில் இரத்தக் கசிவோ, சர்க்கரை தாழ்வோ இருக்கக்கூடும். வெளித்தோற்றத்தில் எல்லாம் போதை போலவே தெரியும். அழைத்தும் தட்டியும் எழாவிட்டால், மூச்சில் கரகரப்புக் கேட்டால், வலிப்பு வந்தால், தலையில் காயம் தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் செல்லாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றாதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவின் பயன்பாட்டால் நேரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோயாக ஏற்றுக்கொள்கிறது. வீடற்றவரும் ஆதரவற்றவரும், வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்று அதன் 18-ஆம் பிரிவு கூறுகிறது. ஆதார் அட்டையோ உடன் வருபவரோ இல்லை என்பதால் தயங்க வேண்டாம்; அவரை அழைத்து வாருங்கள். ஆலோசனை வேண்டுவோர் 14416 என்னும் டெலிமானஸ் எண்ணையும், போதை மீட்புக்கான 14446 என்னும் கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

இவ்விதழைப் படிப்பவர்களுள் சிலரது அண்ணனோ தந்தையோ மகனோ குடியினால் வீட்டை விட்டுப் போயிருக்கக்கூடும். எங்கோ ஓர் ஊரின் நடைமேடையில் அவரும் இன்றிரவு படுத்திருக்கலாம். அந்த ஊர் மருத்துவமனையின் வாயிலில் அவரைக் கண்டு யாரோ ஒருவர் எங்களிடம் கேட்கப்படும் அதே கேள்வியைக் கேட்கலாம். அங்குள்ள மருத்துவர் அவருக்கு ஒரு கட்டில் கொடுக்க வேண்டும் என்றுதான் நீங்கள் விரும்புவீர்கள். நாங்களும் இங்கு அதையே செய்கிறோம். உங்கள் அன்னைக்குக் கட்டில் தாமதமாகும்போது எங்களை அழைத்துக் கேளுங்கள்; அவரது நிலையை மீண்டும் பார்த்து, காத்திருப்பதற்கான காரணத்தையும் சொல்வோம். அது உங்கள் உரிமை. அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் அதே உரிமை உண்டு.